241 கிலோவுக்கு எட்டு போட்டாச்சா?

"முதல் வண்டியே பெருசா வாங்கிடு மச்சி, அப்புறம் மாத்தினா நஷ்டம்." இந்த அறிவுரையை ஆரம்பித்து வைத்த புண்ணியவான் யாரென்று தேடிக்கொண்டிருக்கிறேன். கிடைச்சா சொல்லுங்க மக்களே :-)

சித்தப்பா பையனுக்கு 22 வயசு. வீடு பிள்ளையார்பாளையம், ஒரகடத்தில் வேலைக்குச் சேர்ந்து நாலு மாசம் ஆகுது. இதுவரை ஓட்டினது சித்தப்பாவோட ஸ்ப்ளெண்டர், அதுவும் கடைத்தெரு வரைக்கும். அய்யா இப்போ வாங்கத் துடிப்பது சூப்பர் மீட்டியார் 650. லடாக் போகணுமாம். ஆபீஸ்ல ரெண்டு பேர், யூட்யூப்ல நாலு பேர் நல்லா ஏத்தி விட்டிருக்காங்க.

ஸ்ப்ளெண்டர் 112 கிலோ. சூப்பர் மீட்டியார் 241. எல்லோரும் சிசி, வேகம் என்றே பேசுகிறார்கள். என் சண்டை வேகத்தோடு இல்லை. ஹைவேயில் கனமான வண்டி அசையாமல் நிற்கும், ஒத்துக்கறேன். ஆனா பொன்னேரிக்கரை போய் ஹைவே பிடிக்கறதுக்கு முன்னாடி நடுவுல ஒரு ஊர் இருக்கே சாமி! முகூர்த்த சீசனில் காந்தி ரோடு பட்டுக்கடை வாசலில் நிற்கும் வேன்கள். வைகாசி கருட சேவைக்கு வரும் கூட்டம். காலையில் நெசவாளர் தெருவில் நீளமாக விரித்துக் கட்டியிருக்கும் பாவு. இங்கெல்லாம் வண்டி போவது நடக்கிற வேகத்தில்தான்.

கனமான வண்டி பழி வாங்குவதும் அந்த வேகத்தில்தான். ஹேண்டில்பார் திரும்பியிருக்கும்போது, குறுக்கே ஒரு பாட்டி வந்துட்டாங்கன்னு முன் பிரேக்கைப் பிடிச்சா போச்சு, வண்டி அந்தப் பக்கமே சாயும். 112 கிலோ என்றால் காலை ஊன்றிச் சமாளிச்சுடலாம். 241 கிலோ ஒரு அளவுக்கு மேல் சாய்ந்த பிறகு எந்தக் காலும் தாங்காது. "சீட் உயரம் 740 மில்லிமீட்டர்தான், கால் நல்லா தரையில படுதே" என்கிறான். கால் படுவது வேற, கால் தாங்குவது வேற. ஏபிஎஸ்? அது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும். வண்டி சாய்வதைப் பிடித்து நிறுத்தாது. இன்னொன்னு, வண்டி இவன் மேல மட்டுந்தான் விழணும்னு சட்டம் இல்லையே. பின்னால் உட்கார்ந்திருக்கும் சித்தி மேலேயும் விழலாம், பூக்காரம்மா மேலேயும் விழலாம்.

ஜப்பானில் 400 சிசிக்கு மேல் ஓட்டத் தனி லைசென்ஸ். அந்த டெஸ்டில் 15 மீட்டர் நீளம், 30 சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு ஒற்றையடிப் பாலம் உண்டு. 400 வரை உள்ள லைசென்ஸுக்கு அதை ஏழு விநாடிக்குக் குறையாமல் கடக்கணும். பெரிய லைசென்ஸுக்குப் பத்து விநாடி. கவனிச்சீங்களா? வண்டி பெருசானா இன்னும் மெதுவாப் போய்க் காட்டணும்!

நம்ம ஊரில்? அப்பாவோட ஸ்ப்ளெண்டரில் ஆர்.டி.ஓ. கிரவுண்டில் ஒரு எட்டு போட்டா போதும், அதே அட்டையை வெச்சுக்கிட்டு எந்த வண்டியையும் ஓட்டலாம். இத்தனைக்கும் அரசாங்கத்துக்குப் பெரிய வண்டி, சின்ன வண்டி வித்தியாசம் தெரியாமல் இல்லை. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரை ஜிஎஸ்டி 18 சதவீதம், அதற்கு மேல் 40. வரி வாங்க மட்டும் கோடு கிழிக்கத் தெரியுது.

அப்புறம் அந்த "நஷ்டம்" கதை. ஓடித் தேய்ந்த 125 சிசி வண்டி ஒன்றை வாங்கி, ஒரு மழைக்காலம் உட்பட ஒரு வருஷம் ஓட்டி வித்தா என்ன பெருசா போயிடும்? சில ஆயிரம். நாலு லட்சத்துக்கு மேல் கடன் போட்டு வாங்கின வண்டியை ராஜ வீதித் திருப்பத்தில் ஒரு தடவை சாய்ச்சா கிராஷ் கார்டு, லீவர், இண்டிகேட்டர், டேங்க்கில் நசுங்கல்... அந்தப் பில்லை இந்த அறிவுரைத் திலகங்கள் கட்டுவாங்களா? கால் எலும்புக்கு ரீசேல் வேல்யூ உண்டா? அப்படி லடாக் போயே ஆகணும்னா, ஸ்ப்ளெண்டரில் போய் வந்தவங்களே இருக்காங்கப்பா.

டிஸ்கி: புல்லட் ரசிகர்கள் அடிக்க வரவேண்டாம். 2013-ல் திறந்த ஒரகடம் ஆலையும் 2017-ல் வந்த வல்லம் வடகால் ஆலையும் எங்க மாவட்டத்துலதான் இருக்கு. உங்களைவிட எனக்குக் கொஞ்சம் அதிகமாவே பெருமை உண்டு :-)