மனநோயாளியின் வீட்டுக்கும் செவிலியர் வரவேண்டும்

2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்று தீப்பற்றியது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்த நோயாளிகள் தப்ப முடியாமல் 28 பேர் உயிரிழந்தனர். இத்தகைய காப்பகங்களுக்கு நோயாளிகளைக் கொண்டுவந்து விட்டவர்களில் பலர், வேறு வழி தெரியாத குடும்பத்தினர்தாம்.

2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த 'மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017' சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்துவிட்டது. வீட்டிலேயே மறுவாழ்வு பெற உதவுவதும் அரசின் பொறுப்பு என்கிறது. ஆனால் நடைமுறை என்ன?

கிருஷ்ணகிரி மாவட்டம் பாரூரிலிருந்து பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனைக்கு 100 கிலோமீட்டருக்கும் மேல். நோயாளியை அழைத்துச் செல்பவருக்கு அன்றைய கூலி போய்விடும். இரண்டு முறை போவார்கள். மூன்றாம் முறை மாத்திரை நின்றுவிடும். சில மாதங்களில் நோய் திரும்பும். "ஜின் கோளாறு" என்று மீண்டும் அலைச்சல் தொடங்கும்.

இந்த இடைவெளியை நிரப்பக்கூடியவர் பயிற்சி பெற்ற மனநலச் செவிலியர். மாத்திரை ஒழுங்காகப் போகிறதா, கை நடுக்கம் போன்ற பக்கவிளைவு உண்டா என்று வீட்டிலேயே பார்ப்பார். மருத்துவர் எழுதித் தந்த மாதாந்திர ஊசியைப் போடுவார். தூக்கம் குறைவது, தனியே பேசுவது, காரணமின்றிச் சந்தேகப்படுவது என நோய் திரும்பும் அறிகுறிகளை முன்கூட்டியே கண்டுகொள்வார். இரவு பகலாகப் பார்த்துக்கொள்ளும் தாயின் களைப்பையும் விசாரிப்பார். லித்தியம் மாத்திரை எடுப்பவர் நோன்பு வைத்தால், உடலில் நீர் குறைந்து இரத்தத்தில் மருந்தின் அளவு ஆபத்தான நிலைக்கு உயரலாம். ரமலானுக்கு முன்பே மருத்துவரிடம் கேட்க வேண்டும் என்பதை எத்தனை வீடுகளில் அறிவோம்? நோயாளிக்கு மார்க்கம் தந்த சலுகை மனநோயாளிக்கும் உரியதே.

'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்ட் 5 அன்று இதே மாவட்டத்தின் சாமனப்பள்ளியில்தான் தொடங்கப்பட்டது. சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வாசலுக்கு வருகிறது. அதே வாசலுக்கு மனநலச் செவிலியரும் வரவேண்டும் என்று நாம் கேட்பது நியாயமானதே.

நம் பங்கும் உண்டு. ஓதிப் பார்ப்பதோடு மருந்தும் தொடர வேண்டும் என்பதை ஜும்ஆ மேடைகள் சொல்லட்டும். பயணச் செலவுக்கு வழியில்லாத குடும்பங்களை ஜமாஅத்துகள் ரகசியமாகக் கண்டறிந்து பைத்துல்மாலிலிருந்து உதவட்டும். 14416 என்ற 'டெலி மனாஸ்' இலவச ஆலோசனை எண்ணைப் பள்ளிவாசல் பலகையில் எழுதி வைப்போம். நோயை மறைப்பதால் குடும்ப மானம் காக்கப்படுவதில்லை, சிகிச்சைதான் தள்ளிப்போகிறது.