கூடிச் செய்யும் அறிவு

மரக்காணம் கடற்கரையில் உப்பளப் பாத்திகள் கண்ணுக்கெட்டிய தொலைவு பரந்து கிடக்கின்றன. உப்பு விளையும் காலத்தில், வெயில் ஏறுமுன்னரே தொழிலாளர் வேலையில் இறங்கிவிடுகின்றனர். ஒருவர் மடை திறந்து உவர்நீர் பாய்ச்சுவார். ஒருவர் விளைந்த உப்பைப் பலகையால் வாரி ஒதுக்குவார். வேறு சிலர் அதனைச் சுமந்து மேட்டில் குவிப்பர். கருமேகம் திரண்டால் கட்டளைக்காக எவரும் காத்திரார். அருகில் இருப்பவர் குவியலை மூட ஓடுவார். மற்றவர் எஞ்சிய உப்பை விரைந்து அள்ளுவார். இவ்வேலைக்கு உடல் வலிமை போதும், அறிவு எதற்கு என்று கேட்போர் உளர். அவ்வெண்ணம் பிழையென்பதை இக்கால அறிவியலே உணர்த்துகிறது.

1997-ஆம் ஆண்டு மே மாதத்தில், டீப் புளூ என்னும் கணிப்பொறி சதுரங்க உலக வீரர் காஸ்பரோவை வென்றது. அவ்வாண்டே ஆகஸ்டுத் திங்களில், ஜப்பான் நாட்டு நகோயா நகரில், ரோபோ எனப்படும் தானியங்கிப் பொறிகள் அணியாகச் சேர்ந்து கால்பந்து ஆடும் ‘ரோபோகப்’ போட்டி முதன்முதலாக நடைபெற்றது. சதுரங்கத்தில் கணிப்பொறி வாகை சூடிய அதே ஆண்டில், சிறுவரும் ஆடும் பந்தாட்டத்தில் பொறிகள் பல தடுமாறின.

காரணம் யாது? சதுரங்கப் பலகை முழுவதும் ஒருங்கே தெரியும். காய்கள் தாமே நகரா. எண்ணிப் பார்க்க நேரமும் உண்டு. கால்பந்திலோ நொடிக்கு நொடி நிலை மாறும். எல்லாரும் பந்தை நோக்கி ஓடினால் காவலுக்கு ஆளிராது. ஒருவரும் ஓடாவிடின் பந்து எதிரியின் வசமாகும். தன் கடமையோடு தோழனின் கடமையையும் அறிந்தவனே இதில் சிறப்பான்.

இச்சிக்கலை ஆராய்ந்தோருள் அமெரிக்க நாட்டுக் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் மனுவேலா வெலோசோவும், அவர்தம் மாணவர் பீட்டர் ஸ்டோனும் குறிப்பிடத்தக்கவர். அப்பல்கலைக்கழகத்தில் 1979-இல் தோன்றிய ரோபோ ஆய்வு நிலையத்தின் முதல் இயக்குநர் ராஜ் ரெட்டி, சென்னைக் கிண்டிப் பொறியியற் கல்லூரியில் பயின்றவர் என்பது தமிழ்நாட்டு மாணவர் அறிந்து மகிழத்தக்கது. ஆட்டத்தின் நடுவே பொறிகள் தம்முள் செய்தி பரிமாற இயலாமற் போகலாம். ஆதலின், எந்நிலையில் எவர் எவ்விடம் நிற்பது என்பதை ஆட்டத்திற்கு முன்னரே உடன்பாடாக வகுத்து, ஒவ்வொரு பொறியிலும் பதித்துவைக்கும் முறையை அவ்விருவரும் கண்டனர். நிலை மாறினால் பொறிகள் தாமே இடமும் பணியும் மாற்றிக்கொள்ளும்.

மேகம் கண்ட உப்பளத்தில் நிகழ்வதும் இதுவேயன்றோ? பேரறிஞர் பல்லாண்டு முயன்று பொறிக்குப் புகட்டும் ஒன்றை, உப்பளத் தொழிலாளர் உடனுழைத்தே கற்றுக்கொள்கின்றனர்.

உலகக் கோப்பை வென்ற மனித அணியைப் பொறியணி 2050-ஆம் ஆண்டிற்குள் வெல்ல வேண்டும் என்பது ரோபோகப் அமைப்பினரின் குறிக்கோள். அது கைகூடலாம், கூடாமலும் போகலாம். ஒருநாள் இத்தகைய பொறிகள் உப்பளத்திற்கும் வரக்கூடும். வெயிலும் உவரும் வருத்தும் உடலுக்கு இளைப்பாறுதல் தருவனவாக அவை வரட்டும். உழைப்போரின் கூலியைப் பறிப்பனவாக வருதல் ஆகாது. எப்பணியைப் பொறிக்கு விடலாம் என்று முடிவு செய்யுமுன், அப்பணியை நன்கறிந்த தொழிலாளரைக் கேட்டல் வேண்டும். அவர்தம் கைகளை மட்டுமன்றி அறிவையும் மதிப்பதே நேர்மையாகும்.