தோடியின் காந்தாரம்

சென்ற ஆண்டு ஒரு நாகஸ்வரப் போட்டிக்கு நடுவர்களுள் ஒருவனாகப் போயிருந்தேன். முதலில் வந்த மாணவன் தோடி ராகத்தை நாலே நிமிஷத்தில் முடித்துக்கொண்டு, ஆதி தாளத்தில் ஸ்வரம் தொடுத்து, நடைகளை மாற்றி மாற்றி வாசித்து, நீண்டதொரு கோர்வையை எடுப்பிலே இம்மியும் பிசகாமல் கொண்டுவந்து சேர்த்தபோது மண்டபமே கைதட்டியது, நியாயமான கைதட்டல்தான். அடுத்து வந்தவனோ அதே தோடியின் காந்தாரத்தைப் பிடித்துக்கொண்டு, விரலைத் துளையின்மேல் பாதி தூக்கியும் தூக்காமலும், சீவாளியை உதட்டால் இறுக்கியும் தளர்த்தியும், ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் நடுவே அந்த ஸ்வரத்தை நெடுநேரம் ஊசலாடவிட்டு, பிரிய மனமின்றிப் பிரிந்து வந்தான். அவனுடைய கோர்வை கடைசியில் அரை மாத்திரை பிந்தி விழுந்தது. மதிப்பெண் தாளில் தாளத்துக்கு ஒரு கட்டம், சுருதிக்கு ஒரு கட்டம் இருந்தன. அந்தக் காந்தாரத்துக்குக் கட்டம் இல்லை. பரிசு முதல்வனுக்குப் போயிற்று.

கணக்கை நான் இகழவில்லை. நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் தவிலைப் போற்றிய நாட்டில் லயத்தைக் குறைத்துப் பேச எவருக்கும் நா எழாது. என் மனக்குறை வேறு: எண்ணிப் பார்க்கக்கூடியதை மட்டுமே சுத்தம் என்று கொண்டு, எண்ண முடியாததைத் தளர்ச்சி என்று தள்ளிவிடுகிறோம். ஆர்மோனியத்தில் காந்தாரக் கட்டையை எத்தனை முறை அழுத்தினாலும் தோடி பிறப்பதில்லை. அந்த ஸ்வரத்தின் ஜீவன் அசைவில் இருக்கிறது, அந்த அசைவு எவ்வளவு என்பதை ஞானமுள்ள செவி ஒன்றுதான் அளக்கும்.

தோடி என்றாலே நினைவுக்கு வரும் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையை (1898–1956) மனம்போன போக்கில் வாசித்தவர் என்று சிலர் எண்ணுகிறார்கள். ஆனால், பழைய திமிரி நாயனத்தில் சுத்த மத்தியமம் சரியாகப் பேசவில்லை என்று பொறாமல், நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி கடைந்து கொடுத்த பாரி நாயனத்தைக் கையில் எடுத்தவரும் அவரேதான். கரைகாணாத மனோதர்மமும், ஒரு ஸ்வரம் மயிரிழை விலகினாலும் சகியாத செவியும் அந்த ஒரே மனிதரிடம் குடியிருந்தன. செவி அப்படிக் கண்டிப்பாக இருந்ததனால்தான் மூச்சு அவ்வளவு சுதந்திரமாக உலாவ முடிந்தது என்பது என் திடமான எண்ணம். ஆகையால், போட்டி நடத்துவோர் ராக ஆலாபனைக்குக் கால்மணி நேரமாவது ஒதுக்கி, கோர்வைக்கு நிகரான மதிப்பெண்ணை அதற்கும் தர வேண்டும் என்று வற்புறுத்துகிறேன்.

அன்று மாலை மண்டபத்தின் பின்கட்டில் அந்த இரண்டாவது பையன் சீவாளியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தான். அருகே போய், "தம்பி, அந்தத் தோடியை எனக்காக இன்னொரு தரம் வாசிப்பாயா?" என்று கேட்டேன். அவன் சட்டென்று எழுந்து நின்று, "கோர்வையைத் திருத்தி வாசித்துவிடுகிறேன் ஐயா" என்றான்.