சீதபேதிக்கு மருந்து மிஞ்சுமா?

மழைக்காலம் தொடங்கிவிட்டால் கோவை பெரியநாயக்கன்பாளையம் பக்கத்து மருந்துக் கடைகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது: "ஏனுங்ணா, பாப்பாவுக்கு நேத்திருந்து வகுத்தால போகுதுங்க. ஒரு சிரப் குடுங்க." கடைக்காரர் வயதைக் கேட்டுவிட்டு, ஆஃப்லாக்சசினும் ஆர்னிடசோலும் கலந்த பாட்டிலை எடுத்து வைப்பார். அதன் மேல் சிவப்புக் கோடு இருக்கும். மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்றும் பொடி எழுத்தில் அச்சடித்திருக்கும். ரத்தம் கலந்து போகிறதா என்று யாரும் கேட்பதில்லை. மில் ஷிப்டுக்கு ஓட வேண்டிய தாயைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்தப் பாட்டிலுக்குப் பின்னால் ஒரு நீண்ட கதை இருக்கிறது.

1897இல் ஜப்பானில் கியோஷி ஷிகா சீதபேதிக் கிருமியைக் கண்டறிந்தார். ஷிகெல்லா என்ற பெயர் அவரால் வந்ததுதான். குழந்தையின் வயிற்றுக்குள் நூறு கிருமிகள், சில சமயம் அதைவிடக் குறைவாகவே போனாலும் நோய் வந்துவிடும். இரண்டாம் உலகப் போர் முடிந்த காலத்தில் அங்கே சல்ஃபா மருந்தைத் தாராளமாகக் கொடுத்தார்கள். சில ஆண்டுகளிலேயே அது கேட்காமல் போயிற்று. 1950களின் நடுவில் சல்ஃபா, ஸ்ட்ரெப்டோமைசின், டெட்ராசைக்ளின், குளோராம்ஃபெனிகால் நான்குக்கும் மசியாத ஷிகெல்லா தலைகாட்டியது. எப்படி என்று தேடியபோது 1959இல் விடை கிடைத்தது. குடலில் சாதுவாக வாழும் ஈ.கோலை, மருந்தை எதிர்க்கும் திறனை ஷிகெல்லாவுக்குக் கைமாற்றிக் கொடுக்கிறது. ஜப்பானிய ஆய்வாளர்கள் அகிபா, ஓச்சியாய் ஆகியோரின் ஆய்வுகள் இதைக் காட்டின.

இதைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். தானாகவே அடங்கிவிடக்கூடிய பேதிக்கு நாம் ஊற்றும் சிரப், குழந்தையின் குடலில் இருக்கும் நல்ல கிருமிகளில் மருந்துக்குத் தப்பியவற்றை மட்டும் மிச்சம் வைக்கிறது. நாளைக்கு ஷிகெல்லா வந்தால் அதற்கு ஆயுதம் கொடுப்பவை அவைதாம்.

பிறகு ஆம்பிசிலின் போயிற்று, கோட்ரைமாக்சசோல் போயிற்று, நாலிடிக்சிக் அமிலமும் போயிற்று. 2005இல் உலக சுகாதார நிறுவனம் சீதபேதிக்கு சிப்ரோஃப்ளாக்சசினை முதல் மருந்தாகச் சொன்னது. 2017இல் அதே நிறுவனம் வெளியிட்ட ஆபத்தான கிருமிகள் பட்டியலில், அந்த மருந்துக் குடும்பத்துக்கே அடங்காத ஷிகெல்லா இடம்பெற்றது. கடைக்காரர் எடுத்து வைத்த ஆஃப்லாக்சசினும் அதே குடும்பம்தான்.

ஆண்டிபயாடிக் வருவதற்கு முன்பே கோவை நல்ல தண்ணீரின் அருமையை உணர்ந்த ஊர். சிறுவாணித் தண்ணீருக்காக 19ஆம் நூற்றாண்டிலேயே பத்திரிகையாளர் நரசிம்மலு நாயுடு குரல் கொடுத்தார். நகராட்சித் தலைவர் இரத்தினசபாபதி முதலியார் அதை நகருக்குக் கொண்டுவந்து சேர்த்தார். நோயைத் தண்ணீரிலேயே தடுக்க நினைத்த தலைமுறை அது. மாத்திரை வந்த பிறகு நாம் அசந்துவிட்டோம் என்பது என் கருத்து.

பேதி வந்த பிறகும் உயிர் காப்பது பெரும்பாலும் தண்ணீர்தான். 1971இல் வங்கதேசப் போர் அகதிகள் குவிந்திருந்த மேற்கு வங்கத்தின் பங்காவ்ன் முகாமில் காலரா. சலைன் பாட்டில் தீர்ந்துபோன நிலையில், டாக்டர் திலீப் மகாலனாபிஸ் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா என்று கலக்கி, உறவினர் கையாலேயே நோயாளிகளுக்குக் கொடுக்கச் செய்தார். நூற்றுக்கு முப்பது பேர் வரை மடிந்துகொண்டிருந்த இடத்தில் சாவு நான்குக்கும் கீழே இறங்கியது. குளுக்கோஸ் குடலுக்குள் நுழையும்போது உப்பையும் இழுத்துக்கொண்டு போகிறது. பின்னாலேயே தண்ணீரும் போகிறது. எதிர்த்துப் பழக எந்தக் கிருமிக்கும் இதில் வழியில்லை. அவருக்குப் பத்ம விபூஷண் கிடைத்தது 2023இல், இறந்த பிறகு.

ஆகவே தாய்மாருக்கு ஒரு வேண்டுகோள். தண்ணீராகப் போனால் ஓஆர்எஸ் பாக்கெட்டும் துத்தநாக மாத்திரையும் கேளுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரண்டும் இலவசம். காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் பாக்கெட்டை முழுதாகக் கரையுங்கள், தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். ரத்தம் கலந்து போனாலோ, கண் குழிவிழுந்து குழந்தை சோர்ந்தாலோ மருந்துக் கடைக்குப் போகாமல் நேராக மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள்.