வலு கூட்டிய லொறி: இலாபமா, முதலுக்கே மோசமா?

லொறி வைத்திருக்கும் வியாபாரிகள் மத்தியில் கொஞ்சக் காலமாக ஒரு பேச்சு அடிபடுகிறது. இஞ்சினின் கம்பியூட்டரில் சின்ன மாற்றம் ஒன்று செய்தால், அல்லது சென்சர் வயரில் ஒரு சிறிய பெட்டியைப் பொருத்தினால் லொறி ஏற்றத்தில் பறக்குமாம், டீசலும் மிச்சமாகுமாம். பக்கத்துக் கடைக்காரர் செய்துவிட்டார், நாமும் செய்வோமா, இஞ்சினுக்கு ஏதும் ஆகிவிடுமா என்று என்னிடமும் பலர் கேட்கிறார்கள். நான் இஞ்சினியர் அல்லன். ஆனால் சரக்கு ஏற்றி இறக்கிப் பிழைக்கும் தொழிலில் முப்பது வருடங்களைக் கழித்தவன். ஒரு லொறி இரண்டு நாள் கராஜில் நின்றால் கடையில் என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரியும். கணக்குப் பார்க்கும் வியாபாரியாகவே இதைப் பற்றி எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இது ஒன்றும் புதிய வித்தை அல்ல. பழைய எல்ஃப், கென்டர் லொறிகளின் காலத்திலேயே டீசல் பம்பின் ஸ்குரூவைத் திருகி எண்ணெயைக் கூட்டிக் கொடுக்கும் பாஸ்மார் இருந்தார்கள். இப்போதைய லொறிகளில் டீசலை அளந்து கொடுப்பது கம்பியூட்டர். கொமன் ரெயில் என்ற இந்த முறையை ஜப்பானின் டென்சோ நிறுவனம் 1995 இல் ஹினோ லொறியில்தான் முதலில் கொண்டுவந்தது. இன்று அந்தக் குழாய்க்குள் டீசலின் அழுத்தம் 1,600 முதல் 2,000 பார் வரை போகிறது. ஸ்குரூவின் இடத்தில் கம்பியூட்டர் வந்திருக்கிறதே தவிர, செய்யும் வேலை ஒன்றுதான். அன்றும் டீசலைத்தான் கூட்டினார்கள், இன்றும் டீசலைத்தான் கூட்டுகிறார்கள்.

டீசலைக் கூட்டினால் என்ன நடக்கும்? பெற்றோல் இஞ்சினில் எண்ணெயைக் கொஞ்சம் கூட்டிக் கொடுத்தால் சூடு தணிவதுண்டு. டீசல் இஞ்சினில் நிலைமை நேர்மாறானது. இங்கே எண்ணெய் கூடக் கூடச் சூடும் கூடும். அதற்கேற்ற காற்று கிடைக்காவிட்டால் மிச்ச டீசல் சரியாக எரியாமல் கறுப்புப் புகையாக வெளியேறும். கறுப்புப் புகையைப் பார்த்து "ஆஹா, என்ன வலு!" என்று சந்தோஷப்படுகிறவர்களைக் கண்டிருக்கிறேன். அது வலு அல்ல, நாம் காசு கொடுத்து வாங்கிய டீசல் காற்றோடு போகிறது.

பிஸ்டன் அலுமினியக் கலவையால் ஆனது. சுத்தமான அலுமினியம் 660 பாகை செல்சியஸில் உருகும். டர்போவுக்குள் நுழையும் புகையின் சூடு நீண்ட நேரம் 700 பாகைக்கு மேலே நிற்கக் கூடாது என்பது டீசல் இஞ்சினோடு பழகியவர்கள் பொதுவாகக் கடைப்பிடிக்கும் எல்லை. கீழிருந்து ஒயில் அடித்துக் குளிர்விப்பதால்தான் பிஸ்டன் அந்தச் சூட்டைத் தாங்குகிறது. சில வினாடிகள் எல்லை தாண்டினால் ஒன்றும் ஆகாது. பத்து நிமிடம் தொடர்ந்து தாண்டினால்தான் பிஸ்டனின் தலை, வால்வு, டர்போ, ஹெட் கெஸ்கட் எல்லாம் விலை கொடுக்க வேண்டி வரும்.

விஷயத்தின் உயிர்நாடி இந்த "எவ்வளவு நேரம்" என்பதில்தான் இருக்கிறது. இந்தப் பெட்டி வியாபாரம் பெரிதாக வளர்ந்தது அமெரிக்காவில். அங்கே டீசல் பிக்கப் வைத்திருக்கும் பலர் வலுவைக் கூட்டிக்கொண்டு பல வருடங்கள் பிரச்சினையில்லாமல் ஓடுகிறார்கள் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த வாகனம் பெரும்பாலான நேரம் வெறுமையாக ஓடுகிறது. முழு வலுவும் தேவைப்படுவது முந்திச் செல்லும் சில வினாடிகளுக்கு மட்டும்தான். நமது லொறியின் வாழ்க்கை அப்படியா? நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. கம்பளையில் இருந்து றம்பொடை வழியாகச் சாமான் லொறி ஏறும்போது சாரதியின் கால் அக்சிலேட்டரை விட்டு எடுபடுவதே அபூர்வம். சம்மாந்துறையிலிருந்து அரிசி மூட்டை ஏற்றிக்கொண்டு கொழும்புக்கு வரும் லொறியும், தம்புள்ளையில் இருந்து மரக்கறி ஏற்றிக்கொண்டு வரும் லொறியும் மணிக்கணக்காகப் பாரத்தோடுதான் ஓடுகின்றன.

கம்பனிக்காரனே இந்த வித்தியாசத்தை ஒப்புக்கொண்டிருக்கிறான். அமெரிக்காவின் கம்மின்ஸ் கம்பனி 2007 இல் 6.7 லீற்றர் டீசல் இஞ்சின் ஒன்றைக் கொண்டுவந்தது. டொட்ஜ் ராம் பிக்கப்பில் பூட்டியபோது அதற்கு 350 குதிரைவலு கொடுத்தார்கள். அதே இஞ்சினைப் பெட்டியும் தட்டும் கட்டிப் பாரம் ஏற்றுவதற்கென்று விற்கும் செசியில் பூட்டியபோது 305 குதிரைவலுவாகக் குறைத்தார்கள். பாரம் சுமக்கிற வாகனத்துக்குத்தானே வலு கூடுதலாக வேண்டும்? ஆனால் நாள் முழுக்க உழைக்கிற இஞ்சின் நீண்ட காலம் நிற்க வேண்டுமென்றால் அதை அளவோடுதான் வேலை வாங்க வேண்டும் என்பது செய்தவனுக்குத் தெரிந்திருக்கிறது. "கம்பனி வலுவை ஒளித்து வைத்திருக்கிறது, நாங்கள் திறந்து விடுகிறோம்" என்று பெட்டி விற்கிறவர் சொல்வது பாதி உண்மைதான். கம்பனி ஒதுக்கி வைத்திருப்பது வலுவை மட்டும் அல்ல, இஞ்சினின் ஆயுளையும்தான்.

இன்னொரு விஷயமும் உண்டு. வலு கூடினால் இஞ்சின் மட்டுமா தாங்க வேண்டும்? கிளச், கியர் பெட்டி, டிஃபரென்ஷல் எல்லாம் பழைய வலுவுக்கென்றே செய்யப்பட்டவை. வலு வந்துவிட்டதென்று சாரதி ஏற்றத்தில் கியரைக் குறைக்காமல் மேல் கியரிலேயே இழுக்கப் பார்ப்பார். இஞ்சின் மெதுவாகச் சுழலும்போது டீசலை அள்ளிக் கொடுத்தால் சிலிண்டருக்குள் அழுத்தம் உச்சத்துக்குப் போகும். கனெக்டிங் ரொட் வளைவதும் கிளச் எரிவதும் அப்படிப்பட்ட வேளைகளில்தான். பிறகு "வலு இருக்கிறதே" என்று இன்னும் பத்து மூட்டை கூடுதலாக ஏற்றவும் மனம் சொல்லும். ஆனால் பெட்டி பிரேக்கைக் கூட்டித் தருவதில்லை. ஏறிய லொறி கடுகண்ணாவையில் இறங்கவும் வேண்டும் அல்லவா?

இனி டீசல் மிச்சத்துக்கு வருவோம். 2022 ஜூனில் ஒரு லீற்றர் ஒட்டோ டீசல் 460 ரூபாவுக்குப் போனதை யாரும் மறந்திருக்க மாட்டோம். அந்தச் சூடு பட்டவர்கள் மிச்சம் என்ற சொல்லைக் கேட்டாலே காது கொடுப்பது இயல்புதான். கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மாதம் 3,000 கிலோமீற்றர் ஓடும் லொறி லீற்றருக்கு 6 கிலோமீற்றர் கொடுத்தால் 500 லீற்றர் தேவை. உண்மையிலேயே 5 வீதம் மிச்சமானாலும் 25 லீற்றர்தான். லீற்றர் 300 ரூபா என்று வைத்துக்கொண்டால் மாதம் 7,500 ரூபா, வருடத்துக்கு 90,000 ரூபா. இது சின்னத் தொகை அல்ல. ஆனால் இந்த மிச்சம் சாரதி பழைய வேகத்திலேயே ஓடினால்தான் கிடைக்கும். வலு கூடிய வண்டியைப் பழைய வேகத்தில் ஓட்டும் சாரதி எத்தனை பேர்? மற்றப் பக்கத்தில் ஒரு டர்போ, நான்கு இன்ஜெக்டர், ஹெட் வேலை, கராஜில் நிற்கும் நாட்களின் வாடகை வண்டிச் செலவு ஆகியவற்றை உங்கள் பாஸிடம் விசாரித்து எழுதிப் பாருங்கள். எத்தனை வருட மிச்சம் ஒரே பழுதில் போகும் என்பது விளங்கும்.

நமது நாட்டில் இதற்குத் தனியான பாரதூரமும் இருக்கிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 இல்தான் மீண்டும் முறையாகத் திறக்கப்பட்டது. அந்த ஐந்து வருடங்களில் புதிய லொறி கிடைக்காமல் பழையவற்றையே ஓட்டித் தேய்த்தோம். இன்று வீதியில் ஓடும் லொறிகளில் கணிசமானவை வயது போனவை. தேய்ந்த ரிங், சொட்டும் இன்ஜெக்டர், அடைத்த ரேடியேட்டர் உள்ள இஞ்சினில் வலுவைக் கூட்டுவது, மூச்சு வாங்கும் வயோதிபரை ஓட்டப் பந்தயத்துக்கு அனுப்புவதற்குச் சமம். பழியைப் பெட்டியின் மேல் போடலாம், ஆனால் குற்றம் அனுப்பியவருடையது.

அப்படியானால் கட்டாயம் கூடாதா? நான் அப்படிச் சொல்லவில்லை. நல்ல நிலையில் உள்ள இஞ்சினில், அளவறிந்த ஒருவர், புகை கறுக்காத அளவுக்குச் சிறிய மாற்றம் செய்தால் உடனே கெட்டுவிடும் என்பது மிகைப்படுத்தல். செய்யத்தான் வேண்டுமென்றால் முதலில் கொம்பிரஷன் பாருங்கள், இன்ஜெக்டர்களைப் பரிசோதியுங்கள், புகையின் சூட்டைக் காட்டும் மீற்றர் ஒன்றைச் சாரதியின் கண் முன்னால் பூட்டுங்கள். ஏற்றம் ஏறி முடிந்ததும் உடனே இஞ்சினை நிறுத்தாமல் ஓரிரு நிமிடம் சும்மா ஓடவிடச் சொல்லுங்கள், டர்போ பிழைக்கும். ரெயில் பிரஷர் சென்சருக்குப் பொய் சொல்லி அழுத்தத்தைக் கூட்டும் மலிவான பெட்டிகளைத் தொடவே வேண்டாம். இஞ்சினைக் காக்க வேண்டிய கம்பியூட்டரையே ஏமாற்றிவிட்டு யாரிடம் பாதுகாப்பை எதிர்பார்ப்பது? கம்பனி உத்தரவாதம் உள்ள லொறியென்றால் அந்த உத்தரவாதத்தையும் மறந்துவிட வேண்டியதுதான்.

ஆனால் பெரும்பாலானோருக்கு இதெல்லாம் தேவைப்படாது. எயார் ஃபில்டரை நேரத்துக்கு மாற்றி, டயர் காற்றைச் சரியாக வைத்து, வால்வு இடைவெளி பார்த்து, நல்ல ஒயில் ஊற்றினாலே தொலைந்துபோன வலுவில் பெரும் பகுதி திரும்பி வரும். வலு குறைந்ததென்று கராஜுக்கு வரும் லொறிகளில் பலவற்றுக்கு வேண்டியது வைத்தியமே தவிர ஊக்க மருந்து அல்ல.

கடைசியாக ஒரு வேண்டுகோள். வலு கூட்டி ஓட்டிய லொறியை, பெட்டியைக் கழற்றி மறைத்துவிட்டு விற்பவர்கள் இருக்கிறார்கள். சூடு பட்ட பிஸ்டனின் கதை வெளியே தெரியாது. வாங்கியவர் மூன்றாம் மாதம் கராஜ் வாசலில் நிற்பார். அவரும் நம்மைப் போல் கடன்பட்டு லொறி வாங்கிய ஒரு சிறு வியாபாரிதான். செய்திருந்தால் செய்தேன் என்று சொல்லி, அதற்கேற்ற விலைக்கு விற்றுவிடுங்கள். வாங்குகிறவரும் மைலேஜையும் பெயின்ட்டையும் மட்டும் பார்க்காமல், "இதன் கம்பியூட்டரில் யாராவது கை வைத்தார்களா?" என்று வாய் திறந்து கேட்டுவிடுங்கள்.