நண்பகல் கஞ்சிக்கு ஓர் இடம்

நாஞ்சில் நாட்டு உணவைப் பற்றி யார் எழுதப் புகுந்தாலும் தலைவாழை இலையிலிருந்தே தொடங்குகிறார்கள். பருப்பும் நெய்யும், அவியல், எரிசேரி, புளிசேரி, இறுதியில் அடைப்பிரதமன். பிரதமனில் பப்படத்தை நொறுக்கி மட்டிப்பழத்தைப் பிசைந்து உண்ணும் பேரின்பம். இவ்வகைக் கட்டுரைகளை நாமும் விரும்பிப் படித்திருக்கிறோம், ஓரிரண்டு எழுதியும் இருக்கிறோம். ஆனால் விருந்து என்பது அழைக்கப்பட்டவர்களின் உணவு. உறவும் சாதியும் முறையும் பார்த்து அழைப்பு வரும். அழைப்பில்லாத ஒருவன் கையில் சிறு தொகையோடு நண்பகலில் நாகர்கோவில் தெருவில் நிற்கும்போது அவனுக்கு இந்த மண் என்ன பரிமாறுகிறது என்பதை வைத்தல்லவா ஓர் ஊரின் உணவை மதிப்பிட வேண்டும்?

அவனுக்குக் கிடைத்துவந்தவை வேறு. கஞ்சியும் பயறும், காணத் துவையலும் சுட்ட பப்படமும். மேற்கே தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் போனால் அவித்து மயக்கிய மரச்சீனிக் கிழங்கும் சாளைக் கறியும். காலையில் புட்டும் கடலையும், மாலையில் சாயாவும் ரசவடையும். இவற்றுள் மரச்சீனியின் வரலாறு தனித்துச் சொல்லத்தக்கது. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மன்னர் அதன் சாகுபடியை ஊக்குவித்தார். 1942-இல் பர்மா சப்பானியர் கைக்குப் போய் அங்கிருந்து வந்த அரிசி நின்றபோது திருவிதாங்கூர் ஏழைகளின் அடுப்பை எரியவைத்தது அந்தக் கிழங்குதான். திருவிதாங்கூரின் நெற்களஞ்சியம் என்று பாடநூல்கள் புகழும் நாட்டிலேயே, நெல்லை விளைவித்தவர்களில் பலர் கிழங்கைத் தின்று உயிர் தரித்தார்கள். விருந்துக் கட்டுரைகளில் இதற்கு இடம் இருப்பதில்லை.

சாயக்கடைக்கு இன்னொரு முகமும் உண்டு. இம்மாவட்டம் 1956 நவம்பர் முதல் நாள்வரை திருவிதாங்கூர், பின்னர் திருவிதாங்கூர்-கொச்சியின் பகுதியாக இருந்தது. மன்னராட்சிக் காலத்து ஊட்டுப்புரைகளில் இலவச உணவு ஒரு சாதியாருக்கே வாய்த்தது. அதற்கு எதிர்வினையாகத்தான் சாமித்தோப்பில் வைகுண்டசாமி (1809-1851) பல சாதியாரையும் ஒரே பந்தியில் அமர்த்தினார் என்று கொள்வதில் பிழையில்லை. 1936 நவம்பர் 12 அன்று ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்தது. கோயில் கதவு திறந்ததால் கடைப் பெஞ்சும் அன்றே திறந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். தனிக் குவளையும் புறத்திண்ணையும் ஒழியப் பல ஆண்டுகள் ஆயின. ஆயினும், முன்பின் அறியாத இருவர் ஒருவர் சாதியை ஒருவர் கேளாமல் தோளுரச அமர்ந்து ஒரே அடுக்களையின் சோற்றை உண்ணும் அன்றாடப் பழக்கத்தைச் சந்தியோரத்து மலிவுக் கடைகள்தாம் நமக்குப் பயிற்றின. காசு கொடுத்தவனுக்குச் சோறு என்னும் வணிக நியதி சில வேளைகளில் சாத்திரத்தைவிட நாகரிகமானது.

இக்கடைகள் இப்போது அருகிவருகின்றன. அவற்றின் இடத்தில் பரோட்டாவும் சிக்கன் பிரைடு ரைசும் அமர்ந்திருக்கின்றன. பரோட்டாவின்மேல் நமக்குப் பகையொன்றும் இல்லை. மழைநாளின் இரவில் அதற்கு இணை வேறில்லை என்பதையும் ஒப்புக்கொள்வோம். ஆனால் நண்பகலில் வகுப்பறையில் தலை சாய்ந்து கிடக்கும் மாணவன் காலையிலும் உண்ணவில்லை, மதியம் உண்டது இரண்டு பப்ஸும் ஒரு குளிர்பானமும் என்று அறியும்போது மனம் துணுக்குறுகிறது. மலையடிவாரத்து ஊர்களிலிருந்து முதல் பேருந்தில் ஏறி வருகிற பிள்ளைகள் இவர்கள். அதே வேளையில், 'பாரம்பரிய உணவகம்' என்று பலகை மாட்டிய இடங்களில் மண்சட்டியில் கஞ்சி ஊற்றி ஒரு நாள் கூலியில் பாதியை வாங்கிவிடுகிறார்கள். ஏழையின் உணவு ஏழைக்கு எட்டாத விலைக்குப் போய்விட்டது.

கடை நடத்துபவரைக் குறை சொல்லிப் பயனில்லை. வணிகப் பயன்பாட்டு எரிவாயு உருளையின் விலை 2021 இறுதியில் 2,000 ரூபாயைத் தாண்டியது. பிறகு ஏறியும் இறங்கியும் வந்திருக்கிறது. ஏறும்போது கடைக்காரர் கஞ்சியின் விலையை ஏற்றினால் கூலியாள் வரமாட்டார், ஏற்றாவிட்டால் அடுப்பு எரியாது. பெரும்பாலான கடைகளில் கணவர் கல்லாவில் இருப்பார். அரைப்பதும் அவிப்பதும் பாத்திரம் தேய்ப்பதும் மனைவி. அவருடைய உழைப்புக்குக் கூலி கணக்கிட்டால் அக்கடை முதல் மாதமே நட்டத்தில் மூழ்கும். மலிவு விலையின் ஒரு பகுதியை அந்த அம்மாதான் தம் உடம்பிலிருந்து கொடுத்துக்கொண்டிருந்தார். அவருடைய மகள் அந்த அடுப்படிக்கு வர மறுப்பது முற்றிலும் நியாயமே.

இலக்கிய வாசகர்களுக்கு இங்கே கெத்தேல் சாகிபு நினைவுக்கு வருவார். ஜெயமோகனின் 'சோற்றுக்கணக்கு' (2011) கதையில், திருவனந்தபுரம் சாலையில் கடை வைத்து, கேட்டுக் காசு வாங்காமல் உண்டியலில் போடுவதைப் போடட்டும் என்று குமரி மாவட்டத்து ஏழை மாணவனுக்கு அள்ளி அள்ளிப் பரிமாறியவர். அக்கதையைப் பாடம் சொல்லும்போதெல்லாம் வகுப்பில் கண் கலங்காதவர் இல்லை. நமக்கு அக்கதைமீது குறையில்லை; அதை வாசிக்கும் விதத்தின்மீதுதான் குறை. சாகிபு ஓர் அறவடிவம். அறவடிவங்களை வணங்கிவிட்டு வெளியே வரும் நாம், ஒரு கரண்டி கூட்டுக்குக் கணக்குப் பார்க்கும் கடைக்கார அக்காவைக் கருமி என்கிறோம். கணக்குப் பார்த்தால்தான் நாளையும் அங்கே சோறு இருக்கும் என்பதை மறந்துவிடுகிறோம். உண்டியல் வைத்த ஒருவரை நம்பி ஓர் ஊர் பசியாற முடியாது.

அரசு செய்யட்டுமே என்பார்கள். 2013-இல் சென்னையில் தொடங்கிய அம்மா உணவகம் ஒரு ரூபாய்க்கு இட்லியும் ஐந்து ரூபாய்க்குச் சாம்பார் சாதமும் தந்தது. அதன் அருமையை மறுப்பவர் பசியறியாதவர். எனினும் அதன் பட்டியல் சென்னையின் பட்டியல். களியக்காவிளைக்கு அப்பால் கேரளம் வேறொரு வழியை முயன்றது. 2020-இல் குடும்பஸ்ரீ மகளிர் குழுக்களைக்கொண்டு ஜனகீய ஹோட்டல்களைத் திறந்து 20 ரூபாய்க்கு ஊண் போட்டார்கள். சாப்பாட்டுக்குப் பத்து ரூபாயை அரசு மானியமாகக் கொடுத்தது. 2023-இல் மானியம் நின்றது, விலை 30 ஆயிற்று, பல கடைகள் தள்ளாடின. மானியத்தை மட்டும் நம்பியது அதன் பலவீனம். அந்தந்த ஊர்ப் பெண்கள் தமக்குத் தெரிந்த கறியைத் தம் கைப்பக்குவத்தில் சமைத்தது அதன் பலம்.

நாகர்கோவில் 2019 முதல் மாநகராட்சி. தெருவோர வியாபாரிகளுக்கான 2014-ஆம் ஆண்டுச் சட்டம், நகர விற்பனைக் குழுவில் ஐந்தில் இரண்டு பங்கு இடத்தை வியாபாரிகளுக்கே தருகிறது. உணவுத் திருவிழா, பாரம்பரிய உணவுக் கண்காட்சி என்று மேடை போடுவதை ஓராண்டு நிறுத்திவைத்து, வடசேரிப் பேருந்து நிலையத்தை ஒட்டியும் கோட்டாற்றுக் கடைத்தெருவிலும் இரண்டு கொட்டகைகள் எழுப்பலாம். வாடகையில்லாத இடம், குழாய்த் தண்ணீர், கழிவுநீர் போக வழி, சமைப்பவருக்குக் கூலி இவ்வளவும் உறுதியானால் விலையை அடக்கிவைப்பது கடினமன்று. பட்டியல் நீளமாக இருக்க வேண்டியதில்லை. சம்பா அரிசிக் கஞ்சி, சிறுபயறு, காணத் துவையல், கிழங்கு. கடலில் சாளை மிகுதியாகப் பட்ட நாளில் ஆளுக்கு ஒரு துண்டு மீன்.