சிறுவனா? பெரியவனா?



மகனைப் பள்ளியில் சேர்க்கச் சென்ற நாள் நினைவிருக்கிறதா? “இன்னும் வயது நிரம்பவில்லையே” என்று தலைமையாசிரியர் தயங்க, “ஆறு மாதம் கூட்டி எழுதிக் கொள்ளுங்கள்” என்று கூறிவிட்டு வந்த தந்தையர் நம்மில் பலர். அந்த ஆறு மாதம் பிள்ளையை எங்கே கொண்டு நிறுத்தக்கூடும் என்பதை இம்மாதம் சிந்திப்போம்.

1986-ஆம் ஆண்டுச் சட்டம் பதினாறு வயது நிரம்பாத ஆண்பிள்ளையையே சிறுவனாகக் கருதியது. 2000-ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வயதைப் பதினெட்டாக உயர்த்தியது. 2012 டிசம்பரில் தில்லியில் ஒரு பேருந்தில் நிகழ்ந்த கொடுமை நாட்டையே உலுக்கியது. குற்றவாளிகளுள் ஒருவனுக்குப் பதினெட்டு நிரம்பச் சில மாதங்களே இருந்தன. அவனுக்கு மூன்றாண்டுகளே தண்டனை. 2015 டிசம்பரில் அவன் விடுதலையானபோது எழுந்த கொந்தளிப்பினூடே புதிய சிறார் நீதிச் சட்டம் மாநிலங்களவையில் நிறைவேறி, 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது.

பதினாறு முதல் பதினெட்டு வயதுக்குள் கொலை, பாலியல் வன்கொடுமை போன்ற கொடுங்குற்றம் சாட்டப்பட்டவனை, பெரியவனாகவே கருதி விசாரிக்க இச்சட்டம் வழி திறந்தது. குறைந்தபட்சத் தண்டனையே ஏழாண்டுகளாகவோ அதற்கு மேலாகவோ உள்ள குற்றங்களுக்கு மட்டுமே இது பொருந்தும். நீதித்துறை நடுவரும் இரு சமூகப் பணியாளர்களும் அடங்கிய சிறார் நீதிக் குழுமம், அவனுடைய மனவலிமையையும் விளைவை உணரும் ஆற்றலையும் சூழ்நிலையையும் மூன்று மாதத்திற்குள் மதிப்பிட வேண்டும். பிறகே வழக்கு குழந்தைகள் நீதிமன்றத்திற்கு மாற்றப்படும். மரண தண்டனையோ, விடுதலைக்கே வாய்ப்பில்லாத ஆயுள் தண்டனையோ அங்கும் விதிக்கலாகாது.

மகளைப் பறிகொடுத்த தாயின் கண்ணீரை எவரும் அலட்சியப்படுத்த இயலாது. ஆயினும் ஒரு வினா எஞ்சி நிற்கிறது. என்றோ ஒரு நாள், ஒரு கணத்தில், அவன் உள்ளம் எந்நிலையில் இருந்தது என்பதைப் பின்னர் எந்தத் தராசில் நிறுப்பது? அவன்தான் குற்றம் செய்தான் என்பது மெய்ப்பிக்கப்படும் முன்பே இம்மதிப்பீடு நடைபெறுகிறது என்பதையும் கவனியுங்கள். குழுமத்தில் குழந்தை உளவியல் கற்றவர் இல்லையெனில் வல்லுநரின் உதவியைக் கட்டாயம் பெற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் உரைத்தது இக்காரணம் பற்றியே. அவ்வுதவியின்றி வழங்கப்படும் முடிவு, நீதியின் பெயரால் நிகழும் ஊகமேயாகும்.

இனி, பெற்றோர் அறிய வேண்டியவை. குற்றம் நிகழ்ந்த நாளில் இருந்த வயதே கணக்கு. அதற்குப் பள்ளிச் சான்றிதழையே சட்டம் முதலில் நோக்குகிறது. அது இல்லாதபோதே நகராட்சி அல்லது ஊராட்சியின் பிறப்புச் சான்றிதழ். இரண்டும் இல்லையெனில் மருத்துவப் பரிசோதனை. அன்று விளையாட்டாகக் கூட்டிய ஆறு மாதம், பதினேழரை வயதுப் பிள்ளையைப் பெரியவர்களின் சிறைக்கே அனுப்பிவிடக்கூடும்! சிறுவனைக் காவல் நிலையப் பூட்டறையில் அடைக்கலாகாது. பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்திற்குள் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். இலவசச் சட்ட உதவி அவன் உரிமை. அவன் சிறுவன் என்னும் வாதத்தை வழக்கின் எக்கட்டத்திலும், இறுதித் தீர்ப்புக்குப் பின்னரும்கூட எழுப்பலாம்.

“நம் வீட்டுப் பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு?” என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். பேழையைத் திறந்து, பிள்ளையின் பிறப்புச் சான்றிதழும் பள்ளிப் பதிவும் ஒத்திருக்கின்றனவா என்று இன்றே பாருங்கள். அப்படியே, பதினாறு வயதில் நிற்கும் அவனுடைய தோழர்கள் யார், மாலை வேளைகள் எங்கே கழிகின்றன என்பதையும் அன்போடு கேட்டறியுங்கள். அவன் உள்ளத்தை முதலில் மதிப்பிட வேண்டியவர்கள் நீதிபதிகள் அல்லர், நாமே.